வீடுகளுக்கு மேல் தாழப் பறக்கும் ஆய்வு விமானம்: எந்த மாடல்?

மூன்று நாளாகக் காலை 10 மணிவாக்கில் நான்கு புரொப்பல்லர் கொண்ட வெள்ளை விமானம் ஒன்று எங்கள் குடியிருப்புக்கு மேல் மிகத் தாழப் பறக்கிறது. உயரம் 300 மீட்டர் இருந்தால் அதிகம். ஜன்னல் அதிர்கிறது, அம்மா பயந்துபோகிறார்.

வால் நுனியில் நீளமான கம்பு. காந்தப்புலத்தை அளக்கும் மேக்னட்டோமீட்டர் கருவியை விமானத்தின் உலோகத்திலிருந்து தள்ளி இப்படித்தான் வைப்பார்கள். ஆனால் காந்தப்புல ஆய்வுக்கு இணைகோடுகளாகப் போய்வருவதுதானே வழக்கம்? இது ஒரே இடத்தில் சுழன்று சுழன்று மேலே ஏறுகிறது, காற்று மாதிரி எடுப்பது போல. ஜன்னலோரம் சின்னக் குழாய்களும் தெரிகின்றன.

விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் தேடினேன், அந்த நேரத்தில் எதுவும் காட்டவில்லை. விமான நிலையத்தில் கேட்டேன், அனுமதி பெற்றதுதான் என்று முடித்துவிட்டார்கள். அப்புறம் படமும் எடுத்தேன், பதிவு எண் மங்கலாகத்தான் விழுந்திருக்கிறது.

வால் கம்பு, ஜன்னல் குழாய் இரண்டும் உள்ள நான்கு எஞ்சின் ஆய்வு விமானம் எந்த மாடல்?