ஆற்றுக் கலங்கரை விளக்கம், நேர்விளக்கு: இரண்டு சொற்கள் பற்றி

குழும நண்பர்களுக்கு வணக்கம். நாம் தமிழாக்குகிற கட்டுரைக்கான சொற்கள் பற்றி வந்த இரண்டு கருத்துகளைக் கீழே எடுத்துக்காட்டி, என் பதிலை எழுதுகிறேன்.

> கலங்கரை விளக்கம் கடலுக்கு உரியது. ஆற்றில் இருப்பதை ‘ஆற்றங்கரை விளக்கு’ என்று சொன்னால் போதுமே?

இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கலங்கரை என்பதில் உள்ள ‘கரை’ நிலத்தின் ஓரம் அல்ல. கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே கரைதல்தான். பெரும்பாணாற்றுப்படையில் ‘ஓடுகலம் கரையும் துறை’ என்று வருகிறது. உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய தீ, ஓடும் கலங்களை அழைக்கிற துறை அது. ஆக, கலத்தை அழைக்கிற விளக்கு என்பதுதான் பொருள். கடல் அந்தச் சொல்லுக்குள் எங்கேயும் இல்லை. முன்னால் ‘ஆற்று’ சேர்த்தால் ஒரு முரணும் வராது.

அப்புறம், ஆற்று விளக்கம் கரையில்தான் நிற்க வேண்டும் என்று இல்லை. நாம் தமிழாக்குகிற கட்டுரையில் வருகிற ஹட்சன்-ஏதென்ஸ் விளக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றின் நடுவில் 1874-இல் கட்டியது. அங்கே நீருக்கு அடியில் திட்டு இருக்கிறது. கப்பல்கள் தரைதட்டாமல் விலகிப் போகத்தான் அந்த விளக்கு. கருங்கல் மேடை, மேலே செங்கல் வீடு, வீட்டோடு ஒட்டிய கோபுரம். காவலர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்தார். மூடுபனி இறங்கினால் மணி ஒலிக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அந்த மேடையின் வடமுனை. அதைக் கப்பலின் அணியம் (முன்முனை) போலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். மேலிருந்து மிதந்து வரும் பனிப்பாளங்கள் அதில் மோதி உடைந்து இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போகும். இப்படி ஒன்றை ‘ஆற்றங்கரை விளக்கு’ என்றால், படிப்பவருக்குப் படித்துறைத் தெருவிளக்குதான் நினைவுக்கு வரும்.

அதே ஆற்றில் மன்ஹாட்டன் பக்கம் 1921-இல் நிறுத்திய சின்னச் சிவப்பு விளக்கம் கரையில்தான் நிற்கிறது, உண்மை. 1931-இல் அதன் தலைக்கு மேலேயே ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் வந்துவிட்டது. பாலத்து வெளிச்சத்துக்கு முன்னால் அதற்கு வேலை இல்லாமல் போய், 1948-இல் அணைத்தார்கள். ஏலத்துக்கு வந்தபோது குழந்தைகளும் சேர்ந்து குரல் கொடுத்துக் காப்பாற்றினார்கள். நிற்கும் இடத்தை வைத்துப் பெயர் சூட்டினால் இது ஒன்றுக்குப் பொருந்தும், முந்தையதற்குப் பொருந்தாது. செய்யும் வேலையை வைத்துச் சூட்டினால் இரண்டுக்கும் பொருந்தும்.

> ஆழமான வழியைக் காட்டும் இரட்டை விளக்குகளுக்கு ‘இணைவிளக்கு’?

இதில்தான் எனக்கு மாற்றுச் சொல் ஒன்று தோன்றுகிறது. முன்னால் தாழ்வாக ஒன்று, பின்னால் உயரமாக ஒன்று. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் கப்பல் சரியான வழியில் வருகிறது; மேல்விளக்கு இடப்பக்கம் விலகித் தெரிந்தால் கப்பல் இடப்பக்கம்தான் ஒதுங்கியிருக்கிறது, வலப்பக்கம் திருப்ப வேண்டும். ‘இணை’ எண்ணிக்கையை மட்டும்தான் சொல்கிறது.

இங்கே சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டியிலிருந்து காவிரியைக் கடந்து நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு போகிறது. அங்கே துறையில் இருந்த ஒரு பெரியவரிடம், விளக்கு இல்லாத காலத்தில் எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். “அந்தப் புளியமரமும் பின்னால இருக்கற கரடும் ஒரே நேரா தெரியோணும் தம்பி. நேர் விட்டுச்சுன்னா தண்ணி இழுத்துருச்சுன்னு அர்த்தம்” என்றார். கரடு என்றால் சிறு குன்று. கப்பல்காரர் விளக்கை வைத்துச் செய்வதை அவர் மரத்தையும் கரட்டையும் வைத்துச் செய்திருக்கிறார். அவர் சொன்ன ‘நேர்’ நமக்குப் போதும். நேர்விளக்கு என்று வைப்போம். தனித்தனியே சொல்ல வேண்டிய இடத்தில் முன் நேர்விளக்கு, பின் நேர்விளக்கு. விளக்குகள் காட்டும் கோட்டுக்கு ‘நேர்வழி’ வேண்டாம். அதற்கு வேறு பொருள் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. ‘நேர்த்தடம்’ எனலாம்.

மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் ஆற்றுக் கலங்கரை விளக்கம், நேர்விளக்கு, நேர்த்தடம் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
சேலத்திலிருந்து