ஆர் மைனஸ் ஆனால் கோடு எங்கே போகிறது? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

போலார் வரைபடத்தில் ஆர் என்பது மையத்திலிருந்து புள்ளிக்கு உள்ள தூரம், தீட்டா என்பது அதன் கோணம். அதில் ஆர் = காஸ் 2தீட்டா என்ற பூ வடிவ வளைவுக்கு நான்கு இதழ்கள் என்பது எனக்கு வெறும் மனப்பாடம். தீட்டாவின் கெழு (முன்னால் நிற்கும் எண்) இரட்டைப்படை என்றால் இதழ்கள் அதைப் போல இரண்டு மடங்கு, ஒற்றைப்படை என்றால் அதே எண்ணிக்கை. ஏன் என்று பிடிபட்டது டெஸ்மாஸ் என்ற வரைபடத் தளத்தில், எண்ணை நகர்த்தி மாற்றும் ஒரு ஸ்லைடர் போட்ட பிறகுதான்.

தீட்டாவின் மேல் எல்லையாக 'ஏ' என்று வைத்து, அதைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல நகர்த்தினேன். கோடு வலப்பக்கம் 1-இல் தொடங்கி, பை/4-இல் மையத்துக்கு வந்தது. அடுத்து மேல் இதழ் வரும் என்று காத்திருந்தால், கோடு கீழே இறங்குகிறது! கோணம் 90 டிகிரி, அதாவது நேர் மேலே. புள்ளி நிற்பதோ நேர் கீழே. அங்கே ஆர் = -1. ஆர் மைனஸ் ஆனால் கோணம் காட்டும் திசைக்கு நேர் எதிரே குறிக்க வேண்டும் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அது நடப்பதைப் பார்த்தது அன்றுதான்.

அப்புறம் ஆர் = காஸ் 3தீட்டா. பை வரை வந்ததுமே மூன்று இதழும் முடிந்துவிட்டன. அதற்கு மேல் நகர்த்தினால் கோடு பழைய இதழ்கள் மீதே மறுபடி ஓடுகிறது. ஒற்றைப்படையில் மைனஸ் ஆர் பழைய இதழில் போய் விழுகிறது, இரட்டைப்படையில் புது இதழ் போடுகிறது. இரு மடங்கு வருவது இதனால்தான்.

*

நான் பாடம் நடத்துபவள். எனக்கு இப்படி ஆனது வெட்டும் புள்ளிகளில். ஆர் = காஸ் தீட்டா ஒரு வட்டம், ஆர் = 1 - காஸ் தீட்டா ஒரு கார்டியாய்டு, அதாவது இதய வடிவ வளைவு. இரண்டையும் சமப்படுத்தினால் காஸ் தீட்டா = 1/2; பை/3, 5பை/3 என இரண்டே விடைகள். வரைந்து பார்த்தால் மூன்று இடங்களில் தொடுகின்றன! மூன்றாவது, மையம். வட்டம் அங்கே வருவது பை/2-இல், கார்டியாய்டு வருவது 0-இல். இடம் ஒன்று, கோணம் வேறு; அதனால் சமன்பாட்டில் அது சிக்குவதே இல்லை. பரப்பளவுக் கணக்கு என்றால் இப்போது முதலில் வரையச் சொல்கிறேன், தொகையீடு அப்புறம்தான்.

*

தீட்டாவின் எல்லையையும் கவனியுங்கள். ஆர் = காஸ்(தீட்டா/2) வரைந்தபோது எனக்கு மேல் பாதி மட்டும் வந்தது. சமன்பாடு தப்போ என்று மூன்று முறை சரிபார்த்தேன். தீட்டாவை 2பை-யோடு நிறுத்தியிருந்தேன். 4பை என்று மாற்றியதும் கீழ்ப் பாதியும் வந்துவிட்டது.