பன்னிரண்டு தூண், பதினோரு கண்

டெல்லி ஜங்புரா – போகல் தமிழ்க் குழு
ஞாயிற்றுக்கிழமை

சுப்பு, காலை 7:12
[படம்]
பாராபுல்லா பழைய பாலம். மீன் வாங்க நிஜாமுதீன் பக்கம் வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் இதன் மேல் நடந்திருக்கிறேன், பாலம் என்றே தோன்றியதில்லை. இரண்டு பக்கமும் கடை, நடுவில் கூட்டம், காலடியில் அழுகிய தக்காளி. 2024இல் கடைகளை எடுத்த பிறகுதான் கைப்பிடிச் சுவரே கண்ணில் பட்டது.

விஜி அக்கா, 7:15
நான் முருங்கைக்காய் வாங்கும் இடமாச்சே! சுவர் மேல் குட்டிக் கோபுரம் மாதிரி நிற்கிறதே, அது தார்ப்பாய்க் கயிறு கட்டுவதற்காகக் கடைக்காரர்கள் நட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

ராமநாதன் ஐயா, 7:31
இல்லைம்மா, அவை பாலத்தோடு கட்டிய மினார்கள். ஜஹாங்கீர் அரண்மனையில் பெரிய பொறுப்பில் இருந்த மிஹ்ர் பானு ஆகா கட்டிய பாலம் இது. ஆக்ராவிலிருந்து டெல்லி வரும் ராஜபாட்டை இதன் மேல்தான் வந்தது. 1611இல் இந்தப் பக்கம் வந்த வில்லியம் ஃபிஞ்ச் என்ற ஆங்கில வியாபாரி, யமுனையின் ஒரு கிளைக்கு மேல் 11 கண் (தூண்களுக்கு நடுவே தண்ணீர் போகும் வளைவு) வைத்த கல்பாலம் இருப்பதாகக் குறித்து வைத்திருக்கிறார்.

சுப்பு, 7:33
11 கண் என்றால் ஏன் ஐயா பாரா புல்லா? ஹிந்தியில் புல் என்றால் பாலம், பாரா என்றால் 12 ஆச்சே.

ராமநாதன் ஐயா, 7:36
கண் 11, தூண் 12. தூணை எண்ணிப் பெயர் வைத்தார்கள். லோதி தோட்டத்தில் இருக்கும் ஆட்புலாவும் அப்படித்தான்: கண் ஏழு, தூண் எட்டு. ஆனால் கிர்க்கி பக்கத்துச் சத்புலாவில் (சத் என்றால் ஏழு) கண்ணை எண்ணியிருக்கிறார்கள். அது முகமது பின் துக்ளக் காலத்தது. பாலம் என்பதைவிட மதகு என்றே சொல்லலாம், கோட்டைச் சுவரோடு சேர்த்துத் தண்ணீரைத் தேக்கக் கட்டியது. சத்புலா ஓடைதான் சிராக் டெல்லி பக்கமாக வந்து நம் பாராபுல்லாவில் சேர்கிறது. இன்று அதைச் சாக்கடை என்கிறோம்.

கௌதம், 7:52
ஐயா, தினமும் மெட்ரோ ரெட் லைனில் புல் பங்கஷ் ஸ்டேஷன் தாண்டிப் போகிறேன். அங்கே எந்தப் பாலத்தையும் பார்த்ததில்லையே?

ராமநாதன் ஐயா, 7:58
முன்பு இருந்தது தம்பி. யமுனையிலிருந்து ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்த கால்வாயின் மேல் இருந்த பாலம். கால்வாய் தூர்ந்தது, பாலமும் போனது. மெட்ரோக்காரர்கள் பெயரை மட்டும் போர்டில் எழுதி வைத்தார்கள். அதற்காகவே அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தெரசா டீச்சர், 8:05
காலை வணக்கம். இன்றைக்கு நல்ல பேச்சு நடக்கிறது. ஐயா, யமுனை மேல் இரும்புப் பாலத்துக்கு முன்னால் என்ன இருந்தது? பிள்ளைகள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

ராமநாதன் ஐயா, 8:24
கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் இருந்தது படகுப் பாலம். படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை போட்டு, மண் பரப்பி, மாட்டு வண்டி போகும்படி செய்வார்கள். செங்கோட்டைக்குப் பக்கத்தில், சலீம்கர் கோட்டை ஓரமாக அது கரையேறியது. 1857 மே 11 காலையில் மீரட் சிப்பாய்கள் யமுனையைத் தாண்டியது அதன் மேல்தான். அந்தப் படகில் ஒன்றின் பலகைகூட இன்று மிச்சமில்லை.

சலீம்கருக்குப் போக ஜஹாங்கீர் கட்டிய கல்பாலமும் ஒன்று இருந்தது. ரயில் பாதை கோட்டையை ஊடுருவிக்கொண்டு வந்தபோது அதை இடித்துவிட்டார்கள். ரயில்வேயில் பாலம் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பாதைக்காக ஒரு பாலம் போனது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அப்புறம் வந்தது லோஹே கா புல், டீச்சர் கேட்ட இரும்புப் பாலம். 1867இல் ரயில் அதன் மேல் டெல்லிக்கு வந்தது. ஆற்று மணலில் கிணறு இறக்கி, அதன் மேல் தூண் எழுப்பி, 202.5 அடி கர்டர் (இரும்பு உத்திரம்) 12 வைத்தார்கள். முதலில் ஒற்றைத் தடம், 1913இல் இரட்டையானது. மேலே ரயில், கீழே சாலை. கீழே நின்றால் ரயில் போகும்போது தலைக்கு மேல் இடி உருள்வது போல இருக்கும். வெள்ளம் வந்தால் டெல்லி முழுக்க இந்தப் பாலத்தின் அளவைத்தான் பார்க்கும். 205.33 மீட்டர் அபாயக் கோடு. 2023 ஜூலையில் 208.66 வரை ஏறியது. அதற்கு முன் 1978இல் வந்த 207.49தான் உச்சம்.

விஜி அக்கா, 8:30
208 வந்த அன்று ராஜ்காட் பக்கம் சாலையெல்லாம் தண்ணீர். என் வீட்டுக்காரர் ஐ.டி.ஓ.விலிருந்து நடந்தே வந்தார்.

தெரசா டீச்சர், 8:41
ஐயா படகுப் பாலம் என்றதும் எனக்கு பீப்பா புல் ஞாபகம் வந்துவிட்டது. கீதா காலனிப் பாலம் கட்டும் முன் சாந்திவனம் பக்கம் மிதவைப் பாலம் போடுவார்களே, அதுதான். பெரிய இரும்பு மிதவைகள், மேலே தகடு. அப்பா என்னை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து அதில் போவார். நடுவில் வந்ததும் பாலம் லேசாக அசையும். நான் அப்பா சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். மழைக்காலம் வந்தால் கழற்றிக் கரையில் அடுக்கிவிடுவார்கள். வருஷா வருஷம் காணாமல் போய், வருஷா வருஷம் திரும்பி வந்த பாலம் அது. ஒரு வருஷம் போனது வரவே இல்லை. கான்கிரீட் பாலம் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனாலும் அந்தத் தகடு தடதடக்கும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

விஜி அக்கா, 8:44
எங்கள் திருச்சியில் கொள்ளிடம் பழைய இரும்புப் பாலமும் இப்படித்தான் டீச்சர். 1928இல் கட்டியது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண் சாய்ந்து விழுந்ததை டிவியில் பார்த்து அம்மா அழுதாள். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தது அந்த வழியாகத்தானாம்.

செல்வி அக்கா, 9:20
எல்லாருக்கும் வணக்கம். இப்போதுதான் தண்ணீர் பிடித்து முடித்துப் போனைப் பார்த்தேன். சுப்பு, அந்தப் படத்தில் பாலத்துக்கு இந்தப் பக்கம் காலியாக இருக்கிறதே, அதுதானே நாங்கள் குடியிருந்த மதராசி கேம்ப்?

சுப்பு, 9:21
ஆமாம் அக்கா.

செல்வி அக்கா, 9:29
ஒன்றுமே தெரியவில்லையே தம்பி. வேப்பமரத்தை வைத்துக்கூட அடையாளம் பிடிக்க முடியவில்லை.

2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே புல்டோசர் வந்துவிட்டது. நாலு நாள் முன்னாலேயே சாமான் கட்டி வைத்திருந்தோம். அப்படியும் அம்மியை எடுக்க மறந்துவிட்டேன்.

விஜி அக்கா, 9:31
செல்வி...

கௌதம், 9:34
நான் டெல்லிக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. மதராசி கேம்ப் என்று கேள்விப்பட்டதோடு சரி. எத்தனை வீடு இருந்தது அக்கா?

ராமநாதன் ஐயா, 9:40
சுமார் 370 தம்பி. பாராபுல்லா ஓடை குறுகி மழைநீர் தேங்குகிறது என்று உயர்நீதிமன்றம் எடுக்கச் சொன்னது. 189 குடும்பங்களுக்கு டெல்லியின் வடகோடியில் நரேலாவில் வீடு. மற்றவர்களுக்குக் காகிதம் சரியில்லை என்று கிடைக்கவில்லை. ஓடையில் தண்ணீர் போக வழி வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. மேட்டில் இருந்து பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் 400 வருஷப் பாலத்துக்கு எத்தனை கண், எத்தனை தூண் என்று எண்ணிவைத்த ஊர், அதன் பக்கத்தில் இரண்டு தலைமுறை இருந்தவர்களையும் எண்ணி வைத்திருக்க வேண்டும்.

செல்வி அக்கா, 9:52
எனக்கு வீடு கிடைத்தது ஐயா, அதற்குக் கும்பிடு போடுகிறேன். வேலைதான் இன்னும் நிஜாமுதீனில். இரண்டு பஸ் மாறி வருகிறேன். முன்பு பாலத்தைத் தாண்டினால் வேலை வீடு, பத்து நிமிஷம். பக்கத்து வீட்டுக்காரி இப்போது எங்கே என்றே தெரியவில்லை. ஊருக்குப் போய்விட்டாள் என்கிறார்கள், விழுப்புரம் பக்கம்.

தெரசா டீச்சர், 10:03
செல்வி, நான் ஒன்று கேட்கட்டுமா? கேம்பில் யார் வீடு எங்கே இருந்தது என்று உனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கிறதா?

செல்வி அக்கா, 10:04
கண்ணை மூடினால் எல்லாம் தெரியும் டீச்சர்.

தெரசா டீச்சர், 10:06
வாய்ஸ் மெசேஜாகச் சொல்லு. நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். சுப்பு, அடுத்த வாரம் பாலத்து மேலிருந்து இன்னும் படம் எடு, ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக. கௌதம், நீ படம் வரைவாய் என்று சொன்னாயே?

கௌதம், 10:07
வரைகிறேன் டீச்சர். கட்டாயம்.

ராமநாதன் ஐயா, 10:09
அளவு எடுக்க நான் வருகிறேன். டேப் என்னிடம் இருக்கிறது.

செல்வி அக்கா, 10:21
வாய்ஸ் வேண்டாம் டீச்சர், தொண்டை அடைக்கிறது. எழுதியே அனுப்புகிறேன்.

போகல் பக்கத்திலிருந்து வந்தால் முதலில் தண்ணீர்க் குழாய். குழாயை ஒட்டி இட்லி மாவு அரைத்து விற்ற பாட்டி வீடு. அடுத்தது இஸ்திரி போடுபவர். அவர் வீட்டுத் திண்ணையில்தான் ஆடி மாதம் கூழ் அண்டா வைப்போம். அப்புறம் ஒரு சந்து. சந்து திரும்பினால் டைலர் அக்கா, அவர் வீட்டு மாடியில் புறாக்கூண்டு. அதற்கடுத்து மூன்று வீடு ஒரே குடும்பம், அண்ணன் தம்பிகள், மூவரும் பெயின்டர். அவர்களைத் தாண்டினால் பாலத்தின் மூன்றாவது கண் நேராகத் தெரியும். அதற்கு எதிரே பச்சைக் கதவு. அது எங்கள் வீடு.