5-ஆம் வகுப்பு வந்தும் வாசிக்கத் திணறல்: இரண்டே ஆசிரியர், என்ன செய்யலாம்?

கரும்பலகை: எங்கள் ஊர் அரசுத் தொடக்கப்பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். இது விதிப்படி சரியா?

மணியோசை: பிள்ளைகள் 60-க்குள் என்றால், துரதிர்ஷ்டவசமாகச் சரிதான். கல்வி உரிமைச் சட்டம் (2009) வகுப்பை எண்ணுவதில்லை, தலையைத்தான் எண்ணுகிறது. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3. ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில்.

சிலேட்டுக்குச்சி: வாசிக்கத் திணறுவதற்கு, முதலில் ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பு நிலை பாருங்கள். எழுத்து, சொல், பத்தி, கதை என்று தனித்தனியாக வாசிக்கவிட்டால் ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். பாடநூலைக் கொடுக்காதீர்கள், மனப்பாடமாக ஒப்பித்துவிடும். பெரும்பாலும் சிக்குவது ஒகரத்தில்: ‘கொடி’யைக் ‘கெடி’ என்பார்கள். கொம்பைப் பார்த்ததும் வாசித்துவிட்டு, பின்னால் வரும் காலை விட்டுவிடுவதுதான் காரணம். கெ, கொ அட்டைகளை ஜோடியாகக் காட்டிப் பழக்குங்கள்.

மணியோசை: ஆமாம். வகுப்பை மறந்து, நிலைவாரியாகக் குழு பிரித்துத் தினம் ஒரு மணி நேரம். தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் பிரிவும் இதே யோசனைதான்.

கரும்பலகை: 5-ஆம் வகுப்புப் பிள்ளையை 2-ஆம் வகுப்போடு உட்காரவைத்தால் கூசாதா?

சிலேட்டுக்குச்சி: கூசும். குழுவுக்குப் பூப்பெயர் வையுங்கள், எண் வேண்டாம். மாதம் ஒருமுறை குழுவை மாற்றாவிட்டால் அதுவே முத்திரை ஆகிவிடும்.