கணுக்கால் பிசகிய நிலையில் மானிடமிருந்து மக்காச்சோளத்தைக் காப்பது எப்படி?

மானாவாரிக்காரன் (வேப்பூர்):
வணக்கம். காப்புக்காட்டை ஒட்டிய எங்கள் இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் விதைத்து 25 நாள் ஆகிறது. சென்ற வாரம் இரவுக் காவலின்போது வரப்பு சரிந்து வலது கணுக்கால் பிசகிவிட்டது. எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். ஆனாலும் வீக்கம் இன்னும் முழுதாக வற்றவில்லை. நான் படுத்திருந்த ஆறு இரவுகளில் தெற்கு ஓரத்தில் நான்கு வரிசைக் குருத்துகள் போய்விட்டன. பக்கத்து நிலத்து அண்ணன், “பன்றியைச் சுடவே அரசு அனுமதித்துவிட்டது, மானுக்குச் சுருக்கு வைத்தால் யார் கேட்கப்போகிறார்கள், நீ நடக்கவும் வேண்டியதில்லை” என்கிறார். அது சரியா? இல்லையென்றால், காலை ஊன்ற முடியாதவன் என்னதான் செய்வது?

ஓய்வுபெற்ற வனக்காவலர் (விருத்தாசலம்):
தயவுசெய்து சுருக்கு வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சுடுவதை மட்டுமல்ல, கண்ணி வைப்பதையும் பொறியில் பிடிப்பதையும், அவற்றுக்கு முயல்வதையும்கூட வேட்டை என்றே வரையறுக்கிறது. நிலம் உங்கள் பட்டாவில் இருப்பதால் குற்றம் குறைந்துவிடாது. 2025 தொடக்கத்தில் வந்த பன்றி குறித்த அறிவிப்பை உங்கள் அண்ணன் பாதிதான் கேட்டிருக்கிறார். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாமே தவிர விவசாயி சுட முடியாது. காட்டை ஒட்டிய உங்கள் நிலத்தில் பன்றிக்கே அது செல்லாது என்னும்போது மானுக்கு எப்படிச் செல்லும்?

முதலில் வந்தது மான்தானா என்று பாருங்கள். புள்ளிமானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. ஆகையால் அது கடித்த குருத்தின் நுனி வெட்டியதுபோல் இராமல் பிய்ந்து, நார் நாராகத் தொங்கும். முயல் கடித்தால் சாய்வாக அரிவாள் வைத்ததுபோல் இருக்கும். பன்றியென்றால் செடி சாய்ந்து, மண்ணே கிளறிக் கிடக்கும். படம் எடுத்து, சிட்டா அடங்கல் நகலுடன் வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை அந்த வரிசைகளை உழுதுவிடாதீர்கள். பல மனுக்கள் இந்த இடத்தில்தான் வலுவிழக்கின்றன.

பிசியோதெரபிஸ்ட் (பாகூர்):
காலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வீக்கம் இருக்கும்வரை யாரிடமும் எண்ணெய் போட்டு உருவிக்கொள்ளாதீர்கள். பகலில் கிரேப் பேண்டேஜ் கட்டி, படுக்கும்போது தலையணை மேல் காலை உயர்த்தி வையுங்கள். ஒரேயடியாக அசைக்காமல் விட்டால் மூட்டு இறுகிவிடும் என்பதால், கட்டிலில் உட்கார்ந்தபடி பெருவிரலால் அ முதல் ஔ வரை காற்றில் எழுதிப் பழகுங்கள். வலி போன பிறகும் அந்தக் காலுக்குச் சமநிலை திரும்பச் சில வாரங்கள் பிடிக்கும். இருட்டில் வரப்பின் மேல் நடந்து மறுபடியும் பிசகிக்கொள்பவர்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள்.

கரும்புக்காரர் (நெல்லிக்குப்பம்):
பழைய சேலைகளை வயலைச் சுற்றி ஆளுயரத்துக்கு இறுக்கிக் கட்டுங்கள். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் மான் தாண்டத் தயங்கும். மீன்வலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், கொம்பு சிக்கினால் நீங்கள் வைக்காத சுருக்கு அதுவே ஆகிவிடும். மோட்டார் இணைப்பிலிருந்து கம்பியில் மின்சாரம் விடுவது மானை மட்டுமல்ல, வரப்பில் நடக்கும் உங்கள் வீட்டாரையும் கொல்லும். சூரிய மின்வேலி போடுவதானால் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். அழுகிய முட்டைக் கரைசலும் எங்களுக்குக் கைகொடுத்தது, ஆனால் ஒரு மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும்.

மானாவாரிக்காரன் (வேப்பூர்):
அனைவருக்கும் நன்றி. மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு மெதுவாகப் போய்ப் பார்த்தேன். தெற்கு ஓரத்தில் குருத்துகள் நார் நாராகத்தான் தொங்குகின்றன. ஆனால் கிழக்கு மூலையில் மண் கிளறியிருப்பதையும் இன்றுதான் கவனித்தேன். மனுவில் இரண்டையும் எழுதுகிறேன். சேலைக்கு மாமியார் வீட்டில் சொல்லியிருக்கிறேன். ‘ஈ’ எழுதும்போது மட்டும் கால் இன்னும் வலிக்கிறது.