கோல்ஃப் கார்ட்டில் ஸ்டீரியோ போட்டவர்களே, 12 வோல்ட்டை எங்கிருந்து எடுத்தீர்கள்?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், பீச்ட்ரீ சிட்டியிலிருந்து:

இந்த ஊரில் கோல்ஃப் கார்ட் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் கோல்ஃப் மட்டையைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஊருக்குள் மரங்களுக்கு நடுவே சுமார் 100 மைலுக்குத் தனிப் பாதை ஓடுகிறது. பால் வாங்க, ஏரிக்கரைக்குப் போக, நண்பர் வீட்டு விருந்துக்குப் போக எல்லாம் கார்ட்தான், மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அவர்களே ஓட்டிக்கொண்டு பள்ளிக்கும் போய்விடுகிறார்கள். பிறகு பாட்டு இல்லாமல் எப்படி?

நான் வாங்கியது பழைய ஈஸி-கோ டிஎக்ஸ்டி. 36 வோல்ட், அதாவது 6 வோல்ட் பேட்டரி ஆறு, வரிசையாக இணைத்தது. முன்பு வைத்திருந்தவர் ஸ்டீரியோவும் போட்டே கொடுத்தார், பாட்டு நன்றாகத்தான் வந்தது. ஆனால் கொஞ்சம் மேடு வந்தாலே வண்டி திணறியது. சீட்டைத் தூக்கிப் பார்த்தால், ஆறில் கடைசி இரண்டு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்து ஸ்டீரியோவுக்கு வேண்டிய 12 வோல்ட்டை எடுத்திருக்கிறார். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், மற்ற நான்கும் 6.3, அந்த இரண்டும் 6.0 பக்கம். எண்ணில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஈய-அமில பேட்டரியில் 6.3 என்றால் முழுச் சார்ஜ், 6.0 என்றால் பாதிக்கும் கீழே.

ஆறு பேர் தூக்கும் பல்லக்கில் இரண்டு பேரை மட்டும் பட்டினி போட்ட கதை இது. சார்ஜர் ஒவ்வொரு பேட்டரியாகப் பார்ப்பதில்லை, மொத்த வோல்ட்டைத்தான் பார்க்கிறது. அதனால் நன்றாக இருக்கும் நான்கும் தேவைக்கு மேல் சார்ஜ் ஏறித் தண்ணீர் கொதித்து வற்றுகின்றன, அந்த இரண்டும் ஒருநாளும் நிறைவதில்லை. கடைசியில் ஆறையும் மாற்ற வேண்டியதாயிற்று, ஏனென்றால் பழசோடு புதுசைக் கலந்தாலும் இதே கூத்துதான்.

இப்போது 36 வோல்ட்டையும் முழுசாக வாங்கி 12 ஆகக் குறைத்துத் தரும் கன்வர்ட்டர் ஒன்று போட்டிருக்கிறேன், 20 ஆம்பியர். ஆறு பேட்டரியும் சமமாகச் சுமக்கின்றன. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், குறிப்பாக 48 வோல்ட் வண்டிக்காரர்கள்.

ஃப்ளோரிடா, த வில்லேஜஸிலிருந்து:

தம்பி, நல்ல வேளை எழுதினீர்கள். நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மகள் வீட்டுக்குப் பக்கமாக இருக்கலாம் என்று இங்கே வந்தோம். எங்களுடையது கிளப் கார் ப்ரெசிடென்ட், 48 வோல்ட், 8 வோல்ட் பேட்டரி ஆறு. இதில் இரண்டு பேட்டரியைத் தொட்டால் 12 கிடைக்காது, 16 கிடைக்கும், சார்ஜ் ஏறும் நேரத்தில் அதற்கும் மேலே போகும். காரின் 14 வோல்ட்டை நம்பிச் செய்த ஸ்டீரியோ அதை எத்தனை நாள் தாங்கும்?

ஸ்டீரியோ மாட்ட ஒரு கடையில் கொடுத்தேன். கார் வேலை செய்து பழகிய பையன், நெகட்டிவ் ஒயரை வண்டிச் சட்டத்தில் திருகிவிட்டு, சத்தம் வரவில்லையே என்று ஸ்பீக்கரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். காரில் உடம்பு முழுக்க நெகட்டிவ்தான், கோல்ஃப் கார்ட்டில் சட்டத்துக்கும் பேட்டரிக்கும் தொடர்பே கிடையாது. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் தனித்தனி ஒயராகக் கன்வர்ட்டர் வரை கொண்டுபோக வேண்டும். வாங்கும்போதே உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் ஒன்றையொன்று தொடாதபடி பிரிக்கப்பட்ட கன்வர்ட்டராகக் கேட்டு வாங்குங்கள், சில டாலர் கூடத்தான் ஆகும், ஆகட்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பழைய ப்ரெசிடென்ட்டில் ஒரு சின்னக் கணினி உண்டு. பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் வெளியே போனது என்று அதுதான் கணக்கு வைக்கிறது, அந்தக் கணக்குப்படிதான் சார்ஜர் நிற்கும். கன்வர்ட்டரின் நெகட்டிவை நேராகப் பேட்டரி முனையில் மாட்டினால் பாட்டுக்குப் போன மின்சாரம் அந்தக் கணக்கில் ஏறாது, சார்ஜர் சீக்கிரமே நின்றுவிடும். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் கன்ட்ரோலரில் இருக்கும் நெகட்டிவ் முனையில் மாட்டினால் போதும்.

ஃபியூஸ் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். காரில் போடும் தட்டை ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்குத்தான். 48 வோல்ட் பக்கத்தில் அது எரிந்தாலும் உள்ளே தீப்பொறி நின்று எரியலாம். 58 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்று போட்டிருப்பதை வாங்கி, பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் போடுங்கள். கை வைப்பதற்கு முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்சை டோவுக்கு (Tow, வண்டியைக் கட்டி இழுக்கும்போது வைக்கும் நிலை) தள்ளுங்கள், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள்.

டெக்சஸிலிருந்து:

அய்யா சொன்னது எல்லாம் சரி. நம்முடையது லித்தியம், பெயருக்கு 48, உண்மையில் 51.2 வோல்ட், சார்ஜ் ஏறும்போது 58 தாண்டும். அதனால் "48 வோல்ட்" என்று மட்டும் எழுதியிருந்த மலிவு கன்வர்ட்டரை ஒதுக்கிவிட்டு 60 வரை தாங்கும் என்று தெளிவாகப் போட்டிருந்ததை வாங்கினேன். லித்தியம் பேட்டரி ஒரே பெட்டியாக மூடி வருவதால் நடுவில் ஒயர் இழுக்கும் பேச்சுக்கே இடமில்லை, அந்த வகையில் நிம்மதி.

எனக்குத் தலைவலி வேறு பக்கம். பெடலை அழுத்தினால் ஸ்பீக்கரில் "ங்ங்ங்" என்று ஒரு சத்தம், வேகம் கூடக் கூட அதுவும் கூடும். கன்ட்ரோலர் மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புகிறது, அந்தத் துடிப்பு பக்கத்தில் ஓடும் ஆடியோ ஒயரில் ஏறிக்கொள்கிறது. வண்டியை விற்றவர்களே போட்டுக் கொடுத்த ஒயரிங் அது, மோட்டார் கேபிளோடு சேர்த்தே கட்டியிருந்தார்கள். ஆடியோ ஒயரை எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோய், குறுக்கே வரும் இடத்தில் மட்டும் செங்கோணமாகக் கடக்க விட்டதும் முக்கால்வாசி போய்விட்டது.

அப்புறம் பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸை நம்பாதீர்கள். 4 x 50 என்று கொட்டை எழுத்தில் இருக்கும், தொடர்ந்து தருவது சேனலுக்கு 20 வாட்ஸ் பக்கம்தான். கதவு, கண்ணாடி எதுவும் இல்லாத வண்டியில் பேஸ் (தாழ்ந்த ஒலி) அப்படியே காற்றோடு போய்விடும். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கில் ஓட்டை போட்டு ஸ்பீக்கரைத் தொங்கவிடுவதைவிட, மூடிய பெட்டியோடு வரும், படகுகளுக்கென்று செய்த ஸ்பீக்கரை மேலே கூரைக் கம்பியில் மாட்டுவது எவ்வளவோ மேல், மழை, வெயில் இரண்டையும் தாங்கும், காதுக்கும் பக்கம்.

மறுபடி பீச்ட்ரீ சிட்டி, வேறொருவர்:

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு சனிக்கிழமை முழுக்க காரேஜில் இருந்தார். நான் கப் ஹோல்டரில் ஒரு புளூடூத் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை என்பதைத் தாழ்மையுடன் பதிவு செய்கிறேன். ஆனால் ஜூலை 4 சுதந்திர தின அணிவகுப்பில் கொடி கட்டின வண்டிகள் வரிசையாகப் போகும்போது அந்தக் குட்டி ஸ்பீக்கர் எடுபடாது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் எழுதியவர்:

அக்கா, அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், கன்வர்ட்டரைச் சாவியோடு இணைத்தாரா? எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் பாட்டு நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும், குளிர்காலத்தில் ஒரு மாதம் வண்டியை எடுக்காமல் விட்டால் பேட்டரி காலி. சாவி போட்டால் மட்டும் விழிக்கும்படி தனி ஒயரோடு வரும் கன்வர்ட்டர் இருக்கிறது, இல்லாவிட்டால் நடுவில் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போட்டால் போதும். சாவியை எடுத்ததும் மின்சாரம் அடியோடு நிற்பதால் ஸ்டீரியோ சேமித்த ரேடியோ ஸ்டேஷன்களை மறந்துவிடும், புளூடூத்தில் கேட்பவர்களுக்கு அதனால் என்ன.