ஜெமினிட் எரிகற்பொழிவு: பிளேன் தே சாப்லில் இரண்டாவது கேமரா வைக்க ஆள் தேவை

ரெயூனியன் தீவு நண்பர்களுக்கு வணக்கம். 2026 டிசம்பர் 13 இரவு மாய்தோ உச்சியில் (சுமார் 2200 மீட்டர்) ஒரு கேமரா இருக்கும். எரிமலைக்கு அருகிலுள்ள பிளேன் தே சாப்ல் சமவெளியில் இன்னொன்று வைக்க முடிந்தவர் யாராவது உண்டா? இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 36 கி.மீ. 100 கி.மீ. உயரத்தில் எரியும் கல் இரு படங்களிலும் 20 பாகை வரை தள்ளித் தெரியும். உயரம் கணக்கிட அது தாராளம்.

அமாவாசை 9ஆம் தேதி என்பதால் பிறை நள்ளிரவுக்கு முன்பே மறைந்துவிடும். எரிகற்கள் புறப்படுவதுபோல் தோன்றும் புள்ளி புனர்பூச நட்சத்திரத்துக்கு அருகே. இங்கே இரவு 9 மணிக்குமேல் உதித்து, 2 மணி வாக்கில் வடக்கே 36 பாகைதான் ஏறும். ஆகவே 11 முதல் 4 வரை போதும்.

24 மி.மீ. அல்லது அதைவிட அகலமான லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 15 வினாடி. வடகிழக்கே 60 பாகை உயரம் நோக்கட்டும். படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் கேமரா வசதியான நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைக்க மறக்காதீர்கள்: ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் 15 வினாடி கேமரா குருடாகிவிடும், பாதி நேரம் போச்சு. ஃபோகஸ் வளையத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். இரு கேமராக்களின் நேரத்தையும் ஒப்பிட, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கைப்பேசியின் ஜிபிஎஸ் நேரத்தைப் படமெடுங்கள்.

எனக்குத் தீராத தலைவலி லென்ஸில் படியும் பனிதான். லென்ஸைச் சுற்றிக் கட்டும் 5 வாட் சூடேற்றும் பட்டைக்கு 20000 எம்ஏஎச் பவர் பேங்க் கணக்குப்படி இரவு முழுக்கத் தாங்கும். ஆனால் பட்டையைக் குறைந்த சூட்டில் வைத்தால் சில பவர் பேங்குகள் தானாகவே அணைந்துவிடுகின்றன. அணையாத மாடல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.